டபிள்யூஎஸ்டிஎல்லில் ஸ்கீமா பாதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டபிள்யூஎஸ்டிஎல் என்பது ஒரு வெப் சர்வீஸை விவரிக்கும் எக்ஸ்எம்எல் ஃபைல்; டேட்டாவின் வடிவத்தைச் சொல்லும் ஸ்கீமா (எக்ஸ்எஸ்டி) ஃபைல்களை அது இம்போர்ட் செய்யும். வெப் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இந்த ஸ்கீமா இம்போர்ட்டில் திரும்பத் திரும்ப ஒரே பள்ளத்தில் விழுவதைப் பார்க்கிறேன். ஃபைல் பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை எர்ரர் மெசேஜே காட்டிக்கொடுத்துவிடும், அவற்றை விடுங்கள்.

எல்லாப் பாதையையும் டபிள்யூஎஸ்டிஎல்லிலிருந்தே கணக்கிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 'சர்வீஸ்' ஃபோல்டரில் இருக்கும் ஆர்டர்.டபிள்யூஎஸ்டிஎல், 'ஸ்கீமா/ஆர்டர்.எக்ஸ்எஸ்டி'யை இம்போர்ட் செய்கிறது. அந்த எக்ஸ்எஸ்டிக்குள் இருக்கும் இம்போர்ட் வரியில், ஃபைலின் பாதையைச் சொல்லும் ஸ்கீமாலொகேஷன் '../பொது/டைப்ஸ்.எக்ஸ்எஸ்டி' என்று இருக்கிறது. சரி, டைப்ஸ் எங்கே? 'சர்வீஸ்/பொது'வில். இம்போர்ட் வரி எந்த ஃபைலில் இருக்கிறதோ, அந்த ஃபைலின் முகவரிதான் அடிப்படை. டபிள்யூஎஸ்டிஎல்லிலிருந்து கணக்குப் போட்டால் 'சர்வீஸ்' ஃபோல்டரையே தாண்டி வெளியே போய்த் தேடும்.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஃபைல் கிடைக்கவில்லை என்று வந்ததும் வாடிக்கையாளர் அனுப்பிய எக்ஸ்எஸ்டியையே திறந்து அந்த இரண்டு புள்ளியையும் சாய்கோட்டையும் அழித்துவிட்டார். பில்ட் ஓடியது. வாடிக்கையாளரின் அடுத்த வெர்ஷன் வந்ததும் திருத்தம் காணாமல் போய் மறுபடி உடைந்தது. இதைவிட மோசமான நிலையும் உண்டு. வெளியே அதே பெயரில் பழைய 'பொது' ஃபோல்டர் ஒன்று கிடந்தால் எர்ரரே வராது. பழைய டைப்ஸை வைத்துக் கிளாஸ்கள் உருவாகும். புதிய ஃபீல்டு எங்கே போனது என்று புரோகிராம் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரூட் முகவரியை, அதாவது டபிள்யூஎஸ்டிஎல்லின் முகவரியை, ஒரு இடத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதோடு ஒட்டாதீர்கள். ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் அதன் முழு முகவரியைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். ரீடைரக்ட் ஆகியிருந்தால் கடைசியாகப் போய்ச் சேர்ந்த முகவரியே கணக்கு. யூஆர்ஐ முகவரிகளுக்கான தரநிலையான ஆர்எஃப்சி 3986 அப்படித்தான் சொல்கிறது.

ஸ்ட்ரிங்காகப் படித்துப் பார்ஸரிடம் கொடுப்பது

அப்படிக் கொடுத்தால் ஃபைல் எங்கிருந்து வந்தது என்பது எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பார்ஸருக்குத் தெரியாது. ஜாவாவில் இன்புட்சோர்ஸுக்கு, ஃபைலின் முகவரியைச் சொல்லும் செட்சிஸ்டம்ஐடி போடாமல் விட்டால், புரோகிராம் ஓடும் ஃபோல்டரில் போய்த் தேடும். உங்கள் லேப்டாப்பில் ஓடும், சர்வரில் விழும்.

முகவரியைக் கையால் ஒட்டுவது

'/ஆர்டர்?டபிள்யூஎஸ்டிஎல்' என்று முடியும் முகவரியோடு ஸ்கீமாவின் பாதையைச் சேர்க்கும்போது கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது முழுக்கக் கழன்றுவிடும். யூஆர்ஐ லைப்ரரியிடம் விடுங்கள். ஆனால் ஜார் ஃபைலுக்குள் இருக்கும் ஸ்கீமாவுக்கு ஜாவாவின் யூஆர்ஐ.ரிசால்வ் உதவாது.

பேக்ஸ்லாஷ்

ஸ்கீமாலொகேஷனில் போடவே போடாதீர்கள்.

ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் ஸ்கீமாக்கள்

முடிவில்லாமல் சுற்றாமல் இருக்க, படித்தவற்றை முழு முகவரியால் குறித்து வையுங்கள். படித்து முடித்த பிறகு அல்ல, தொடங்கும்போதே.