பலாலி ஓடுபாதை நீள முன் ஒரு கொப்பி வாங்குங்கோ

எங்கட வளவு யாழ்ப்பாணத்தில், பலாலி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான வசாவிளானில். 1990 ஆனியில் சண்டைக்குப் பயந்து உடுத்த உடுப்போட வெளிக்கிட்டம். இருபத்தைந்து வருசம் கழிச்சு வந்து பார்த்தால் வீட்டு அத்திவாரமும் கிணறும்தான் கிடந்தது. அதனால் பலாலி ஓடுபாதையை நீட்டவேணும், பெரிய ஜெட் விமானம் இறக்கவேணும் என்ற கதை வரேக்க எனக்கு முதலில் வாறது காணிப் பயம்தான். ஆனால் காணியோட சேர்த்து சத்தத்தையும் வெக்கையையும் தண்ணியையும் எழுத்தில் வைக்கவேணும். முப்பது வருசம் படிப்பிச்ச பழக்கத்தில், அதை எப்படிச் செய்யிறது என்று சொல்லுறன்.

ஆட்சேபக் கடிதத்தின் முதல் வரியிலேயே நீங்கள் எதை எதிர்க்கேல்லை என்று எழுதுங்கோ. 2019 ஐப்பசி 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது நானும் சந்தோசப்பட்டனான். சென்னையில் இருக்கிற என்ர தங்கச்சி அதில்தான் வாறவ. இப்ப வந்துபோற விசிறி பூட்டின சின்ன ஏ.டி.ஆர். விமானங்களை நிப்பாட்டச் சொல்லி நான் கேட்கேல்லை. நான் மறிக்கிறது விரிவாக்கத்தை. இதைத் தெளிவாக எழுதாவிட்டால், அபிவிருத்திக்கு எதிரி என்ற ஒரே சொல்லில் உங்கட கடிதத்தை ஒதுக்கிப்போடுவினம்.

இனிக் கொப்பி. விரிவாக்கம் வந்தபிறகு சத்தம் கூடிப்போச்சு என்று சொன்னால், முந்தி எவ்வளவு இருந்தது என்று கேட்பினம். அந்தக் கேள்விக்கு மறுமொழி இண்டைக்கே எழுதி வைக்கவேணும். நான் ஐந்து கோடு போட்டு வைச்சிருக்கிறன்: திகதி, நேரம், எந்தப் பக்கத்தால் வந்தது, எத்தனை டெசிபல், அப்ப என்ன நின்றது. கடைசிக் கோடுதான் முக்கியம். பேரன் வாசிச்ச பாடம் நின்றது, கோயிலில் தேவாரம் நின்றது, கைக்குழந்தையின் நித்திரை கலைஞ்சது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ. கைபேசியில் சத்தம் அளக்கிற செயலி சரி நுட்பம் இல்லை. ஆனாலும் ஒரே கைபேசியை, ஒரே விறாந்தையில், ஒரே உயரத்தில் வைச்சு அளந்தால் மாற்றம் தெரியும். கிழமையில் ஒரு நாள் விமானமே இல்லாத நேரத்திலும் அளந்து எழுதுங்கோ, ஒப்பிட வேணும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கென்று வெளியிட்ட வழிகாட்டி, விமானச் சத்தத்தின் நாள் முழுச் சராசரி 45 டெசிபலுக்கும், இரவுச் சராசரி 40க்கும் கீழே இருக்கவேணும் என்று சொல்லுது. அதையும் கடிதத்தில் போடுங்கோ.

கிணற்று மட்டத்தையும் அதே கொப்பியில் எழுதுங்கோ. எங்களுக்கு ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை செம்மண்ணால் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிறதுதான் குடிதண்ணியும் வெங்காயத் தறைக்குப் பாய்ச்சிற தண்ணியும். கொங்கிறீற் போட்ட இடத்தில் அது இறங்காது. எண்ணெய் சிந்தினால் இந்தக் கல்லு மறிக்காது. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாடு ஒருத்தருக்கும் மறந்திராது.

வெக்கைக் கதையைச் சொன்னால் இங்க கனபேர் அது வெளிநாட்டுக்காரரின் பிரச்சினை என்று நினைக்கினம். உலகின் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு ஏறத்தாழ 2.5 வீதம். வானத்தில் விட்டுப்போற வெள்ளைக் கோடும் சூடாக்கிறதால் உண்மையான பாதிப்பு அதைவிடக் கூட. சூடான காற்று ஐதானது. அதில் எழும்ப விமானத்துக்கு இன்னும் நீளமான ஓடுபாதை தேவை. நீட்டினால் வெக்கை கூடும், வெக்கை கூடினால் திரும்பவும் நீட்டக் கேட்பினம். 2023 ஐப்பசியில் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் தொடங்கினது. கொழும்புக்கு ரெயில் இருக்கு. ஓடுபாதை நீட்டிற பணத்தை அங்க போடச் சொல்லிக் கேளுங்கோ.

கடதாசி வேலைக்கு வருவம். சும்மா பெட்டிசம் போடாமல், தகவலறியும் உரிமைச் சட்டத்தின் (2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம்) கீழ் முதலில் கேளுங்கோ: நீட்டப்போற வரைபடம், ஒரு நாளைக்கு எத்தனை விமானம் எதிர்பார்க்கினம், சத்தம் எந்த ஊர்வரை பரவும் என்ற கணிப்பு, சுற்றாடல் மதிப்பீடு நடந்ததா. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேணும். இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யுங்கோ.

1993ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி, விமானத் தளத்தின் கொள்ளளவை 50 வீதம் அல்லது அதற்கு மேல் கூட்டிற விரிவாக்கத்துக்குச் சுற்றாடல் அனுமதி தேவை. முழு மதிப்பீட்டறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள். அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரும். சனசமூக நிலையத்தில் ஒருத்தர் தினமும் பார்க்கிற பொறுப்பை எடுக்கவேணும். நடைமுறைப் பிழையைத் தேடி வாசியுங்கோ. கேரளத்து ஆரன்முளாவில் விமான நிலையத்துக்குக் கொடுத்த சுற்றாடல் அனுமதியை, சுற்றாடல் வழக்குகளைப் பார்க்கிற இந்தியாவின் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ரத்துச் செய்தது. அந்த அறிக்கையைத் தயாரிச்ச நிறுவனத்துக்கு அதற்கான தகுதி இல்லை என்பதும் ஒரு காரணம்.

காணி அறிவித்தலை ஒரு நாளும் அலட்சியம் செய்யாதேயுங்கோ. 2013 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு, காணி எடுக்கிற சட்டத்தின் இரண்டாம் பிரிவு அறிவித்தல், அதாவது இந்தக் காணி அரசுக்குத் தேவை என்ற அறிவித்தல், ஒட்டினவை. எங்கட சனம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போனது. அதே சட்டத்தின் நாலாம் பிரிவு அறிவித்தல், அதாவது ஆட்சேபம் கேட்கிற அறிவித்தல், வந்தால் அதில் குறிச்ச திகதிக்குள், அதில் குறிச்ச அமைச்சின் செயலாளருக்கு, காணி உறுதிப் பிரதியோட எழுத்தில் ஆட்சேபம் போகவேணும். அவசரம் என்று சொல்லி 38ஆம் பிரிவில் எடுக்க வந்தால் உடனே சட்டத்தரணியிடம் ஓடுங்கோ.

ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்து வாங்காதேயுங்கோ. நூறு வீடும் தங்கட கொப்பியில் இருந்து இரண்டு நாள் விபரத்தோட தனித்தனியாக எழுதட்டும். முடிவில் வேண்டியதைக் கேளுங்கோ: இப்ப உள்ள எல்லைக்குள்ளேயே இயங்கவேணும், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை பறப்பு வேண்டாம், பள்ளிக்கூடங்களில் சத்தம் அளக்கிற கருவி பூட்டவேணும், சுற்றியுள்ள கிணறுகளைச் சோதிச்சு முடிவை ஊரில் ஒட்டவேணும். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கொப்பியின் பின்மட்டையில் ஒட்டுங்கோ. கோடு போடத் தெரியாட்டில் என்ர விறாந்தைக்கு வாங்கோ, பின்னேரத்தில் வீட்டில்தான் இருப்பன்.