கடற்கரையில் கம்பியில்லா ஒலிவாங்கி: இரைச்சலை எங்கே மடக்குவது?

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கு அருகே உள்ள உப்புவெளிக் கடற்கரையில் ஒரு மீனவரைப் பேட்டி காண வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அலையோசை, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, கரையேறும் வள்ளத்தின் என்ஜின். சட்டையில் குத்திய ஒலிவாங்கியோடு இணைந்த சிறு பெட்டியான அனுப்பி, இவற்றையெல்லாம் தானே சலித்துத் தரும் என்று பலரும் நம்புகிறார்கள். தராது. உள்ளே புகுந்துவிட்ட இரைச்சலைக் குரலோடு சேர்த்தே அது அனுப்பும்.

ஆகவே முதலில் காற்று. பலமான காற்று ஒலிவாங்கியின் மென்சவ்வில் மோதினால் ‘டம், டம்’ என்ற அதிர்வு எழும். அது அளவு மீறினால் பிறகு எந்தக் கருவியாலும் சீராக்க முடியாது. பஞ்சு உறை இங்கே போதாது, ரோம உறை போடுங்கள். கச்சான் காலத்தில் காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பேசுபவரைக் கடலைப் பார்க்க நிறுத்தினால் அவர் உடம்பே மறைப்பாகிவிடும். வாடைக் காலத்தில் திருப்பி நிறுத்துங்கள்.

இரண்டாவது, தூரம். நாடிக்கு ஒரு சாண் கீழே ஒலிவாங்கியைக் குத்துங்கள். வாய்க்கும் அதற்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும், அலையோசை அப்படியே இருக்கும்.

மூன்றாவது, கெயின்: ஒலிவாங்கியில் விழும் ஒலியை அனுப்பி எவ்வளவு பெருக்குவது என்ற அளவு. அதைச் சரிபார்க்க “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொல்லச் சொல்லாதீர்கள். எல்லோரும் அதை அடக்கமாகவே சொல்வார்கள். தூரத்து வள்ளத்தைக் கூப்பிடுவதுபோல் ஒருமுறை கத்தச் சொல்லுங்கள். டிஜிட்டல் கருவியின் அளவுகாட்டியில் உச்சம் -12 டெசிபெல் பக்கத்தில் நிற்கட்டும். அனுப்பியிலேயே அளவு மீறி உடைந்த குரலை, ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்சரில் குறைத்தால், சத்தம் குறைந்த உடைந்த குரல்தான் கிடைக்கும்.

அதற்காகக் கெயினை மிகவும் தாழ்த்தவும் கூடாது. எப்.எம். வகைக் கருவிகளில் வானலை வழியில் எப்போதும் ஒரு சீறல் உண்டு. மெல்லிய ஒலி அதில் அமிழ்ந்துவிடும். அதனால் அனுப்பி ஒலியை வழக்கமாக 2:1 விகிதத்தில் சுருக்குகிறது: 80 டெசிபெல் ஏற்றத்தாழ்வு 40 ஆகிறது. மறுமுனையில் அதைப் பெறும் பெட்டியான வாங்கி அதைப் பழையபடி விரிக்கும்போது மெல்லிய இடங்கள் கீழே இறங்க, வழியில் சேர்ந்த சீறலும் கூடவே இறங்குகிறது. சீறல் மேல் அலைவெண்களில் அதிகம் என்பதால், அவற்றை அனுப்புமுன் உயர்த்தி, வாங்கியபின் தாழ்த்துவதும் உண்டு. இவை அடக்குவது வானலைச் சீறலை, கடலிரைச்சலை அல்ல. கெயின் போதாவிட்டால் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்: “வலை” என்று சொல்லி நிறுத்தினால், அந்தச் சொல்லின் வாலில் ‘ஸ்ஸ்’ என்று ஒன்று எழுந்து அடங்கும்.

நான்காவது, தாழ் அலைவெண் வெட்டி. 80 முதல் 100 ஹேர்ட்ஸ் வரை வைத்தால் காற்றின் உறுமலும் என்ஜின் அதிர்வின் அடிப்பகுதியும் குறையும். பேச்சுத் தெளிவு கெடாது. அனுப்பியிலேயே இருந்தால் அங்கேயே போடுங்கள். இல்லையேல் அனுப்பியில் ஒலியைச் சுருக்கும் பகுதி ஒவ்வோர் உறுமலுக்கும் துள்ளி, குரலையும் ஏற்றி இறக்கும்.

2.4 கிகாஹேர்ட்ஸ் வானலையில் இயங்கும் சிறு கருவிகள் சிலவற்றில் இரைச்சல் நீக்கும் பொத்தான் இருக்கும். என் வாக்கு அதற்கில்லை: பலமாகப் போட்டால் சொற்களின் ஓரங்களையும் அரித்துவிடும். மூலப்பதிவு சுத்தமாக இருந்தால் அந்த வேலையைப் பிறகு கணினியில் செய்யலாம்.

கடைசியாக, அனுப்பியை வாங்கி இருக்கும் பக்கமாகவே மாட்டுங்கள். உடம்பிலுள்ள நீர் வானலையை விழுங்கும். அன்டெனாக் கம்பியைச் சுருட்ட வேண்டாம். வேலை முடிந்ததும் முதலில் மிக்சரில் ஒலியை மூடிவிட்டு, அதன் பின்பே அனுப்பியை அணையுங்கள்.