கசகசா முதல் சாப்பிட்ட தட்டு வரை: முதல் வெளிநாட்டுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து முதல்முறையாக வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பலரும் தேர்ந்தெடுப்பது சிங்கப்பூர், மலேசியா, துபாய் இந்த மூன்றில் ஒன்றைத்தான். மூன்று இடத்திலும் தமிழ் காதில் விழும், இட்லி தோசை கிடைக்கும். அதனாலேயே "நம்ம ஊர் மாதிரிதானே" என்று கிளம்பிவிடுகிறார்கள். உயரமான கட்டடத்தைப் பார்த்து யாரும் திணறுவதில்லை. நம் வீட்டில் தவறே இல்லாத ஒரு பழக்கம் அங்கே அபராதமாகவோ விசாரணையாகவோ மாறும்போதுதான் திணறிப்போகிறார்கள். அவற்றில் பாதி, பெட்டி கட்டும் இரவிலேயே தொடங்கிவிடுகின்றன.

தேதியும் பெயரும்

டிக்கெட்டில் "15-ஆம் தேதி 00:40" என்று இருந்தால், 14-ஆம் தேதி மாலையே ஊரை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு என்று நினைத்து ஒரு நாள் கழித்துப் போய் நிற்பவர்கள் உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். பல விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடும். அதாவது 23:40. வரிசை, பெட்டி, குடியேற்றச் சோதனை எல்லாம் பதறாமல் முடிய வேண்டுமானால் இரவு ஒன்பதரைக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

பெங்களூரு விமான நிலையம் நமக்கு எதிர்ப்பக்கத்தில், நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து சுமார் 170. ஓசூர், அத்திப்பள்ளி வரை வண்டி பறக்கும். பெங்களூருவின் நெரிசல் சந்திப்புகளான சில்க் போர்டும் ஹெப்பாளும் மாலையில் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரிக்காரர்கள் மாலை நான்கு மணிக்கும், தருமபுரிக்காரர்கள் மூன்று மணிக்கும் கிளம்பிவிடுவது நல்லது. வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பர் முதல் இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. டிரைவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல் போதும். பாஸ்போர்ட்டுக்குப் போதாது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, ஒற்றைப் பெயரோடு வாங்கிய பாஸ்போர்ட் நம் பக்கத்தில் நிறைய. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து, ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். துபாய் போவதானால் டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள். எந்த நாடானாலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே டிக்கெட்டில் இருக்க வேண்டும், ஆறு மாதச் செல்லுபடியும் மீதமிருக்க வேண்டும்.

பெட்டிக்குள் போகக் கூடாதவை

முதலில் கசகசா. குருமாவுக்கு அரைக்கும் அதே கசகசாதான். அது அபின் செடியின் விதை. அதில் போதைப்பொருள் கூறு சிறிதளவு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் தடை. நம் மளிகைக் கடையில் கேட்டதும் பொட்டலம் கட்டித் தரும் பொருள், அங்கே போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. தனிப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டால் மட்டும் போதாது. அம்மா வறுத்து அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே எடுங்கள். தெரியவில்லை என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கொப்பரைத் தேங்காய் எண்ணெய் நிறைந்தது, எளிதில் தீப்பிடிக்கும். அதனால் விமானத்தில் ஏற்றும் பெட்டியில் அனுமதியில்லை. ஸ்கேனரில் தெரிந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு: கைப்பையில் மட்டும்தான் இருக்க வேண்டும், 100 வாட்-மணிக்குள். 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74 வாட்-மணி, அது போகும்.

புளிக்காய்ச்சல், மாங்காய் ஊறுகாய், நெய், தயிர் எல்லாமே சோதனையில் திரவக் கணக்குதான். கைப்பையில் ஒரு டப்பாவுக்கு 100 மில்லிக்கு மேல் கூடாது. பாதி காலியான 200 மில்லி டப்பாவும் ஆகாது, ஏனென்றால் பார்ப்பது டப்பாவின் அளவை. ஊறுகாயை ஏற்றும் பெட்டியில் வையுங்கள். மூடியைத் திறந்து வாய்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் மூடியை இறுக்கி, முழு டப்பாவையும் இரண்டு கவரில் கட்டினால் எண்ணெய் கசியாது.

கேழ்வரகு மாவைப் பெயரில்லாத பாலித்தீன் கவரில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். சாம்பல் நிறத்தில் பெயரில்லாத ஒரு தூள் சுங்க அதிகாரிக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் வாங்கிய, பெயர் அச்சிட்ட பாக்கெட்டே நல்லது. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெட்டி செந்தூராவோ அல்போன்சாவோ உறவுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை வரும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போகிறவர்கள் அதை மறந்துவிட வேண்டும். பழ ஈ போன்ற பூச்சிகள் நுழைந்துவிடும் என்ற அச்சத்தால் பையில் வரும் பழத்தை அங்கே பறிமுதல் செய்வார்கள், சொல்லாமல் மறைத்தால் அபராதமும் உண்டு.

பாட்டியின் சுருக்குப்பையையும் பார்த்துவிடுங்கள். வெற்றிலை, பான் வகைகள் அமீரகச் சுங்கத்தின் தடைப் பட்டியலில் உள்ளன. மெல்லும் புகையிலையும் மின்-சிகரெட்டும் சிங்கப்பூரில் தடை. மாத்திரைகளை மருந்துக்கடை அட்டையிலேயே, டாக்டர் சீட்டோடு வைத்திருங்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. அவற்றுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும்.

இதில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது, "அங்க என் தம்பி வந்து வாங்கிக்குவான்" என்று கடைசி நேரத்தில் ஒருவர் நீட்டும் பார்சல். ஊர்க்காரர், சொந்தக்காரர், மறுக்க முடியவில்லை என்பதெல்லாம் நம் ஊர் நியாயம். சிங்கப்பூர்ச் சட்டப்படி உங்கள் பையில் போதைப்பொருள் இருந்தால் அது உங்களுக்குத் தெரிந்தே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தண்டனை தூக்கு. பிரித்துப் பார்க்காத எதையும், ஒரு ஜோடி செருப்பானாலும், கொண்டுபோகாதீர்கள்.

பணமும் ஓடிபியும்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 மார்ச்சிலிருந்து வங்கிகள் புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும். இதை ஊரிலேயே செய்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்ய நினைத்தால் ஓடிபி வேண்டும்; ஓடிபி வரும் சிம்மைக் கழற்றி பர்சில் போட்டிருப்பீர்கள். ஊர் எண்ணில் ரோமிங்கைத் திறந்து, அந்த சிம்மை போனிலேயே விட்டு, உள்ளூர் சிம்மை இரண்டாவது இடத்தில் போடுங்கள்.

கடையிலோ ஏடிஎம்மிலோ "ரூபாயிலா, டாலரிலா?" என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் நமக்குப் பழக்கம் என்பதால் கை அங்கே போகும். அந்த ஊர் நாணயத்தையே அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையை அந்த இயந்திரக்காரர் வைப்பார், அது வங்கி விலையைவிட உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும்.

இறங்கிய பிறகு

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வருகை அட்டையை இணையத்தில், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. குடியேற்றக் கவுன்ட்டரில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: எத்தனை நாள், எங்கே தங்கல், எப்போது திரும்புகிறீர்கள். "வேலை ஏதாவது கிடைக்குமான்னு பார்க்கலாம்னு..." என்று இழுத்தால் அங்கிருந்தே திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. தலையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டி ஆமோதிப்பது நம் வழக்கம். எதிரே இருப்பவர் அதை "இல்லை" என்று படிக்கலாம். வாயைத் திறந்து "யெஸ்", "நோ" என்றே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கூடத்தில் காலி மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால், அது யாரோ மறந்துவிட்டுப் போனதில்லை. அந்த இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள், உட்காராதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் குவளையையும் நீங்களே எடுத்து, தட்டு வைக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். நம் ஊரில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடலாம். அங்கே 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம்: முதலில் எச்சரிக்கை, மறுபடியும் செய்தால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். எம்ஆர்டி ரயிலில் பாட்டில் தண்ணீர் குடிப்பதும் குற்றம், அபராதம் 500 வெள்ளி வரை. துபாய் மெட்ரோவிலும் உண்ண, குடிக்கத் தடை, 100 திர்ஹாம்.

"கோப்பி" என்று கேட்டால் கெட்டியான இனிப்புப் பாலும் சர்க்கரையும் கலந்து வரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் "கோப்பி சி கோசொங்" என்று கேட்க வேண்டும்: பால் உண்டு, சர்க்கரை இல்லை. பால் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்ட கறுப்புக் காபி "கோப்பி ஓ". புரட்டாசி விரதக்காரர்கள் "வெஜிடேரியன்" என்ற ஒரே சொல்லை நம்பக் கூடாது. மலேசியாவில் சம்பால் என்ற மிளகாய்ச் சட்னியில் இறால் விழுது கலந்திருக்கும், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு நெத்திலி வரும். இறைச்சி, மீன், இறால் விழுது, முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள்.

குளியலறையில் பலர் அடிபடுகிறார்கள். ஹோட்டல் குளியலறையின் வெளித்தரையில் தண்ணீர் போக வழி இருக்காமல் போகலாம். வாளியில் மொண்டு ஊற்றினால் தண்ணீர் அறைக் கம்பளத்துக்கு ஓடி, இழப்பீடு கேட்பார்கள். கண்ணாடித் தடுப்புக்குள்ளேயே குளியுங்கள். தொட்டியாக இருந்தால் திரைச்சீலையின் அடியைத் தொட்டிக்கு உள்ளே விட வேண்டும். சிங்கப்பூரில் பல கழிப்பறைகளில் காகிதம் மட்டும் இருக்கும், பையில் ஒரு காலி பாட்டில் இருந்தால் கவலையில்லை. மின் இணைப்பு மூன்று இடத்திலும் மூன்று தட்டை முனைகள் கொண்டது. அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

துபாயில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். சாலையில் இறங்கும்போது முதலில் இடது பக்கம் பாருங்கள். கண்ட இடத்தில் கடந்தால் 400 திர்ஹாம். பிறரை, முக்கியமாகப் பெண்களை, கேட்காமல் போட்டோ எடுப்பது அங்கே வழக்காகும்.

கடைசியாக நகை. துபாயில் பத்துப் பவுன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தால் வரி இல்லை என்ற பேச்சை நம்பாதீர்கள். ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்ற சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்குத்தான். நாலு நாள் சுற்றுலாவுக்கு அது கிடையாது. இங்கிருந்து நிறைய நகை அணிந்து போகிற பெண்கள், புறப்படும்போதே பெங்களூரு விமான நிலையச் சுங்க அலுவலரிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட வேண்டும். வாங்கிய பில்லும் நகையின் போட்டோவும் கையில் இருந்தால் வேலை சுலபம். பெட்டியை விமானத்துக்கு ஒப்படைக்கும் முன்பே இதை முடித்து, அந்தத் தாளைத் திரும்பி வரும்வரை பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள்.