இளையோர் ஜாஸ் குழுவுக்கு எளிய பாடலைத் தேர்ந்தெடுக்க

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதித் தேவாலயங்களில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் பயிலும் பிள்ளைகளுக்கு ஜாஸ் இசையை அறிமுகம் செய்ய விரும்புவோர், மூன்றே கார்டுகளில் (chord, சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுப்பு) அடங்கும் 12 பார் புளூஸிலிருந்து (பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட பாடல் வடிவம்) தொடங்குவது நல்லது. அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் ‘சி ஜாம் புளூஸ்’ எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. அதன் மெட்டு முழுவதும் இரண்டே சுரங்களில் அமைந்திருப்பதால், பிள்ளைகள் விரல்களைப் பற்றிக் கவலைப்படாமல் தாளத்தில் மனம் செலுத்தலாம்.

கீர்த்தனைகளையும் அணிவகுப்பு இசையையும் அடி பிசகாமல் சமமாக வாசித்துப் பழகியவர்களுக்கு உண்மையில் கடினமாக இருப்பது ஸ்விங் நடைதான். அதில் ஓர் அடியின் முதல் பாதி நீண்டும் அடுத்த பாதி குறுகியும் ஒலிக்க வேண்டும். அடிக்கு ஒரு ‘தகிட’ என்று வாயால் சொல்ல வைத்து, பின்னர் ‘த’விலும் ‘ட’விலும் மட்டும் ஊதச் செய்தால் அந்த நடை விரைவில் கைவந்துவிடும். வேகம் நிமிடத்துக்கு 110 முதல் 130 அடிகளுக்குள் இருக்கட்டும்.

இசைக்குறிப்புத் தாள்களை (நோட்ஸ்) வாங்கும் முன் முதல் டிரம்பெட்டின் பகுதியைப் பாருங்கள். அது இசைக்குறிப்பின் ஐந்து கோடுகளில் மேலே உள்ள ஐந்தாம் கோட்டுக்கு மேல் அடிக்கடி ஏறினால், சிறு பிள்ளைகளின் உதடுகள் பாதியிலேயே தளர்ந்துவிடும். தனி வாசிப்புக்கான பகுதி முழுமையாக எழுதித் தரப்பட்டுள்ளதா என்பதையும் கவனியுங்கள்.