சென்னையில் வீடு மாறும் முன்: பகுதியை விசாரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வாடகைக்கோ சொந்தமாகவோ வீடு தேடுகிறவர்கள், வீட்டுக்குள் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட அந்த வீடு நிற்கும் தெருவில் காட்டுவதில்லை. அலமாரிக் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பார்கள். வாசல் கிழக்குப் பார்த்ததா என்று கேட்பார்கள். அலமாரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்; தெருவின் மட்டத்தையும் நிலத்தடி நீரின் உப்பையும் மாற்ற இயலாது. ஓர் இடத்தை அதன் பெயரை வைத்தும், அது நன்றாகத் தோன்றும் வேளையை வைத்தும், அதை நம் தலையில் கட்ட நினைப்பவரின் பேச்சை வைத்தும் எடைபோடுவதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

முதல் தவறு பருவம் சார்ந்தது. பள்ளி ஆண்டு மாறுவதையொட்டி ஏப்ரல், மே மாதங்களில்தான் பல குடும்பங்கள் வீடு மாறுகின்றன. நகரத்தைச் சோதிக்கும் வடகிழக்குப் பருவமழையோ அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. மே மாத வெயிலில் எந்தத் தெருவும் மேட்டுத் தெருவாகவே தெரியும். கோடையில் வீடு பார்ப்பவருக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு கண்ணில் படும், வெள்ளம் படாது. மழைக்காலத்தில் பார்ப்பவருக்கு நேர்மாறு. எந்தப் பருவத்தில் பார்க்கிறோமோ, அதற்கு எதிர்ப்பருவத்தைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்கும் முறையிலும் பிழை நேர்கிறது. “இங்கே வெள்ளம் வருமா?” என்று பொதுவாகக் கேட்டால், “அதெல்லாம் வராது சார்” என்ற பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிடும். “2015 டிசம்பரில் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது? 2023-ல் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாள் கரன்ட் இல்லை?” என்று கேட்டால் அவ்வளவு எளிதாக நழுவ முடியாது. இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியே கேட்பது அவசியம். ஏனெனில் இரண்டும் ஒரே வகை வெள்ளம் அல்ல. 2015-ல் அடையாறு கரைபுரண்டதால் முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கி ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை ஆற்றையொட்டிய இடங்கள் பெரும் சேதம் கண்டன. 2023-ல் கொட்டிய மழை வடிய வழியின்றி வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் போன்ற சதுப்புநிலத்தையொட்டிய தாழ்வான பகுதிகளில் நாள்கணக்கில் தேங்கி நின்றது. ஒன்றில் தப்பிய தெரு மற்றொன்றிலும் தப்பியிருக்கும் என்று கொள்ள முடியாது. “வேளச்சேரியா, வேண்டவே வேண்டாம்” என்று ஒரு பகுதியையே ஒதுக்குவதும் இதே தவறின் மறுபக்கம்தான். அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருக்களும் உண்டு, நனையாத வீடுகள் உள்ள தெருக்களும் உண்டு.

மனிதர்கள் மறைத்தாலும் சுவர்கள் மறைப்பதில்லை. மதில்களின் வெளிப்புறத்தில் ஒரே உயரத்தில் ஓடும் கறைக்கோடு, வழக்கத்துக்கு மேலே ஏற்றிப் பொருத்தப்பட்ட மின்மீட்டர், வாசலில் புதிதாகக் கட்டிய தடுப்புத் திண்டு ஆகியவற்றை நடந்தபடியே கவனிக்கலாம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, ஒருகாலத்தில் படியேறிச் சென்ற வீடுகளுக்குள் இன்று படியிறங்கிச் செல்ல வேண்டிய நிலை பல தெருக்களில் இருக்கிறது. தரைத்தளத்தில் வீடு பார்ப்பவர் சாலையைவிட வாசல் எவ்வளவு உயரம் என்பதை அளந்தே பார்த்துவிடுவது நல்லது. மாடியில் இருப்பவரும் வெளியே போக வழியுண்டா என்று யோசிக்க வேண்டும். கணேசபுரம், அரங்கநாதன் சுரங்கப்பாதைகள் பெருமழையில் மூடப்பட்ட செய்தி சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல.

அடுத்தது தண்ணீர். “24 மணி நேரமும் தண்ணீர் வரும்” என்று வீட்டு உரிமையாளர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். மேல்தொட்டியில் ஏதோ ஒரு தண்ணீர் எப்போதும் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, சோழிங்கநல்லூர், பெருங்குடி, அம்பத்தூர், மாதவரம் போன்ற பகுதிகள் சேர்ந்தன. ஆனால் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் அன்றே எல்லாத் தெருக்களையும் எட்டிவிடவில்லை. மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், வந்துவிடும் என்று கருதுவது தவறு. இணைப்பு இருக்கிறதா, எந்தெந்த நாள் வருகிறது, ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பா, லாரித் தண்ணீர் வாங்கினால் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா அல்லது தனியா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். குளியலறை ஓடுகளிலும் குழாய் மூக்கிலும் படிந்த வெள்ளைப் படிவமே பாதி பதிலைச் சொல்லிவிடும்; சுவருக்குப் புதுப் பெயின்ட் அடிப்பவர்கள் அதைத் தேய்க்க மறந்துவிடுகிறார்கள்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தக் கோடையை இந்தக் குடியிருப்பு எப்படிச் சமாளித்தது என்று கேட்பது, இன்று குழாயைத் திறந்து பார்ப்பதைவிடப் பயனுள்ளது. கழிவுநீர் குழாய் வழியே போகிறதா, தொட்டியில் சேர்ந்து லாரியில் போகிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்துவிட்டுப் பயண நேரத்தைக் கணக்கிடுவது மிகப் பரவலான தவறு. “ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம்” என்பது எந்த வாகனத்தில், எந்த வேளையில் என்று விளம்பரம் சொல்வதில்லை. வேலைநாளில் காலை எட்டரை மணிக்கு அந்த வாசலிலிருந்து அலுவலகத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து அந்தத் தெருவுக்குத் தனியாக நடந்து வர முடியுமா என்பதையும், வீட்டில் வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தால் அவர்களையே உடன் அழைத்துச் சென்று பார்ப்பது முறை. பெரும்பாலான வீடுகளில் இதை ஆண்களே முடிவுசெய்துவிடுகிறார்கள்.

வரப்போகும் வசதியை நம்பி இன்றே கூடுதல் விலை கொடுப்பதிலும் எச்சரிக்கை தேவை. 2007-ல் வேளச்சேரியை எட்டிய பறக்கும் ரயில், அங்கிருந்து பரங்கிமலைக்குள்ள ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது; அதை நம்பி ஆதம்பாக்கத்தில் இடம் பார்த்தவர்களின் பிள்ளைகள் அதற்குள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது அதன் அருகில் ரயில் நிலையம் இல்லை. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறிவிட, ஊருக்கு அடிக்கடி போகிறவர்கள் என்பதற்காகவே கோயம்பேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்த வசதியும் போயிற்று.

நாற்றமும் ஓசையும் காற்றையும் நேரத்தையும் பொறுத்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் பெரும்பாலும் மேற்குக் காற்று வீசும். கடற்காற்று எழுந்ததும் திசை மாறும். பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் வாடை ஒரு வேளையில் துரைப்பாக்கம் பக்கமும் மறு வேளையில் மடிப்பாக்கம் பக்கமும் போகக்கூடும் என்பதால், ஒரே முறை மோந்து பார்த்து முடிவுசெய்ய முடியாது. பம்மல், பொழிச்சலூர் பக்கம் வீடு பார்ப்பவர்கள் விமான ஓசையை இரவில் கேட்டுப் பார்க்கட்டும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் விசாரணையின் பாதி அடங்கியிருக்கிறது. புரோக்கரும் உரிமையாளரும் நல்லதையே சொல்வார்கள் என்பது தெரிந்ததே. அதே குடியிருப்பில் சொந்த வீடு வைத்திருக்கும் அண்டை வீட்டாரும் முழு உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தெருவுக்குக் கெட்ட பெயர் வந்தால் அவர்கள் வீட்டின் விலையும் இறங்கும். காலி செய்துவிட்டுப் போகும் வாடகைதாரரே நம்பகமானவர். ஏன் போகிறீர்கள் என்று கேட்க நேர்ந்தால் அந்த வாய்ப்பை விடக்கூடாது. தெருமுனையில் இஸ்திரி போடுபவர், கேன் தண்ணீர் போடுபவர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர் ஆகியோருக்கும் நம்மிடம் மறைக்க ஏதுமில்லை.

“நல்ல ஏரியா சார், டீசன்ட்டான ஆளுங்க” என்ற சான்றிதழை அப்படியே வாங்கிக்கொள்வதும் தவறுதான். அந்தச் சொற்களுக்குப் பின்னால் பல நேரங்களில் சாதியும் மதமும் உணவுப் பழக்கமும் ஒளிந்திருக்கின்றன. திருமணமாகாதவருக்கும் அசைவம் சமைப்பவருக்கும் வீடில்லை என்பது முன்பணம் கொடுத்த பிறகு தெரியவருவதைவிட முதலிலேயே தெரிவது மேல். வடசென்னை என்றதும் முகம் சுளிப்பவர்கள், ரயில் வசதியும் அகன்ற பழைய தெருக்களும் உள்ள பெரம்பூரை ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள். அது விசாரணை அல்ல, வதந்தி.

சொந்தமாக வாங்குபவர்கள் பக்கத்துக் காலிமனையையும் விசாரிக்க வேண்டும். 2008-ல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரத்தின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் அந்த நிலம் எவ்வகைப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால், ஜன்னலுக்கு எதிரே நாளை என்ன எழும்பலாம் என்று ஓரளவு தெரியும்.

இவற்றையெல்லாம் செய்யவிடாமல் தடுப்பது அவசரம். “இன்றைக்கே டோக்கன் கொடுத்துவிடுங்கள், நாளைக்கு வேறு பார்ட்டி வருகிறது” என்ற வசனத்துக்கு அஞ்சிப் பணம் கொடுத்தவர், அதன்பின் கண்ணில் படும் குறைகளுக்கெல்லாம் தானே சமாதானம் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. டோக்கன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வேண்டாம் என்று முடிவானால் அது எத்தனை நாளுக்குள் திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அந்த இடைவெளியில் ஒரு வேலைநாள் காலையிலும் ஓர் இரவிலும் அந்தத் தெருவுக்குப் போய்வர வேண்டும்.