மலையகக் குளிரில் ஊர்வனப் பெட்டி: ஈரப்பதனில் நடக்கும் தவறுகள்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் லெப்பர்ட் கெக்கோ, பியர்டட் டிராகன் என்ற வெளிநாட்டுப் பல்லி, ஓணான் வகைகளை வளர்ப்பவர்களிடம் இரண்டு பேச்சு அடிக்கடி கேட்கும். "வெளியே எந்நேரமும் மழையும் மூடுபனியும், இங்கே ஈரத்துக்கு என்ன குறை?" என்பது ஒன்று. "எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் தோல் ஒழுங்காக உரிய மாட்டேன் என்கிறது" என்பது மற்றது. ஒரே வீட்டில் இரண்டும் நடக்கும். ஈரத்தை மட்டும் பார்த்துவிட்டு வெப்பத்தை மறந்துவிடுவதுதான் காரணம்.

ஈரப்பதமானி காட்டும் சதவீதம், அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. 15 பாகை செல்சியஸில் 95 சதவீதம் உள்ள அறைக் காற்று, பெட்டிக்குள் பல்பின் கீழ் 30 பாகைக்குச் சூடானால், நீராவி குறையாமலே ஏறக்குறைய 40 சதவீதமாகிவிடும். இரவில் பல்பை அணைத்ததும் பழையபடி ஏறும்.

ஆகவே இங்கே ஆகப் பெரிய தவறு, இரவில் வெப்பத்தை முழுவதுமாக நிறுத்துவது. கெக்கோவின் சொந்த மண் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலம். டிராகன் அவுஸ்திரேலியாவின் உட்பகுதியைச் சேர்ந்தது. அங்கேயும் இரவு குளிரும், ஆனால் காற்று காய்ந்திருக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இவற்றின் நுரையீரல் தாங்காது. வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் பொருத்தி, இரவில் 20 பாகைக்குக் கீழே போகாமல் பாருங்கள். காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊர்களில், துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல் ஒன்றைப் பெட்டியோடு ஒட்டி வைக்கலாம்.

குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை அடைப்பது அடுத்த தவறு. சூடு கொஞ்சம் நிற்கும், சரி. ஆனால் உள்ளே ஈரம் தேங்கி இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பக்கச் சுவர்களைப் போர்வையால் மூடுங்கள், துளைகளை விட்டுவிடுங்கள்.

அப்புறம் மானி. முள் வைத்த மலிவான வட்ட மானியைக் கண்ணாடியின் உச்சியில் ஒட்டிவிட்டு அதை நம்புகிறார்கள். விலங்கு தரையில் படுத்திருக்கிறது. அளவும் அங்கேதான் வேண்டும். டிஜிட்டல் மானி இரண்டு வாங்கி, சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றும், தண்ணீர்ப் பாத்திரத்துக்கு எட்டத் தள்ளி வையுங்கள். மானி சரிதானா என்று பார்ப்பதும் சுலபம். போத்தல் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, மானியோடு காற்றுப் புகாத பையில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால், இனி எப்போதும் 7 கூட்டிக்கொள்ளுங்கள்.

தோல் உரியவில்லை என்றதும் பெட்டி முழுக்கத் தண்ணீர் அடிப்பது, அதுவும் மாலையில், எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. கெக்கோ, டிராகன் இரண்டுக்கும் பெட்டிக் காற்றின் ஈரப்பதன் 30 முதல் 40 சதவீதம் போதும். நனைந்த தரையில் கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். கெக்கோவுக்கு வேண்டியது ஈரமான ஒரு மறைவிடம் மட்டுமே. பழைய மாஜரின் டப்பாவில் வாசல் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத் தும்புத்தூள் நிரப்பிச் சூடான பக்கத்தில் வையுங்கள். தூளைப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. கையை விரித்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். டிராகனுக்குத் தும்புத்தூள் தரையே வேண்டாம், டைலோ பழைய பத்திரிகையோ போதும். பால் பைத்தன் (ball python) என்ற மலைப்பாம்பு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: அதற்கு 55 முதல் 65 சதவீதம் வரை தேவை.

மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னதை அப்படியே பின்பற்றுவதும் சிக்கல்தான். மஸ்கெலியாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் வறண்ட காற்று வீசும். உங்கள் பெட்டிக்கு உங்கள் மானிதான் கணக்கு.

உள்ளூர்க் கொம்பு ஓணானையோ நட்சத்திர ஆமையையோ பிடித்து வந்து இதையெல்லாம் செய்து பார்க்க நினைக்காதீர்கள். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

தோல் உரிந்த மறுநாள் விரல்களையும் வால் நுனியையும் பாருங்கள். ஒட்டிய தோல் நூல் போல இறுகினால் இரத்தம் ஓடாமல் விரலே போய்விடும். பிய்த்து இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான ஈரத் துணி விரித்த டப்பாவில் இருபது நிமிடம் விட்டு, பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டி எடுங்கள். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, மூச்சில் சத்தம் என்று கண்டால் கைவைத்தியம் வேண்டாம். ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் பக்கத்தில் இல்லையென்றால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலையில் விசாரியுங்கள். போகும் வழியிலும் பெட்டி சூடாக இருக்கட்டும்.