டிக்கிக் கதவின் கேஸ் ஸ்ட்ரட்டை நாமே மாற்றுவது எப்படி?

1983 முதல் 1992 வரை வெளிவந்த இரண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் போன்ற பழைய ஹேட்ச்பேக் கார்களில், கண்ணாடியும் சேர்ந்து கனக்கும் டிக்கிக் கதவைத் திறந்த நிலையில் தாங்குவது கேஸ் ஸ்ட்ரட்தான், அதாவது நைட்ரஜன் வாயு அடைத்த உருளையும் அதனுள் சென்று வரும் தண்டும் கொண்ட தாங்கி. அதன் தண்டைச் சுற்றியுள்ள சீல் நாளடைவில் தேய்ந்து வாயு கசிந்துவிட்டால், சாமான் எடுக்கக் குனிந்தவரின் தலைமேலேயே கதவு இறங்கிவிடும் என்பதால், இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

குளிரில் வாயுவின் அழுத்தம் இயல்பாகவே தணியும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் தாங்கும் விசை ஏறத்தாழ 3.5 சதவீதம் குறைகிறது. எனவே வெயில் நேரத்திலும் கதவு நிற்காமல் சரிந்தாலோ, தண்டில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தாலோ மாற்றியே ஆக வேண்டும் என்று கொள்ளலாம்.

புதியதை வாங்கும்போது பழைய உருளையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அதில் 0400N என்று இருந்தால் 400 நியூட்டன், அதாவது சுமார் 40 கிலோ எடையைத் தாங்கும் விசை என்று பொருள். இந்த எண்ணும், முழு நீளமும், தண்டு உள்ளே செல்லும் தூரமும், இரு முனைகளின் அமைப்பும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். விசை கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்துப் பலர் பெரிய எண்ணை வாங்கிவிடுகிறார்கள். அதனால் கதவை மூடச் சிரமப்படுவதோடு, ஏற்கெனவே துருவேறிய பழைய தகடும் கீல்களும் வளைந்துபோகும். இரண்டு ஸ்ட்ரட் உள்ள காரில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வேலையைத் தொடங்கும்முன் கதவை முழுமையாகத் திறந்து, நுனியில் துணி சுற்றிய உறுதியான மரக்கட்டையால் முட்டுக் கொடுங்கள். உடன் ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்வது இன்னும் நல்லது. முட்டு அசையாது என்று உறுதியாகும்வரை ஸ்ட்ரட்டைத் தொடவே கூடாது.

பெரும்பாலான ஸ்ட்ரட்டுகளின் முனையில் ஒரு கிண்ணம் இருக்கும். அது காரிலுள்ள உருண்டைத் தலை ஆணியைக் கவ்வியிருக்க, கிண்ணத்தின் பின்புறம் வளைந்த கம்பிக் கிளிப் ஒன்று அதைப் பூட்டியிருக்கும். சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவரை கிளிப்பின் அடியில் நுழைத்துச் சில மில்லிமீட்டர் மட்டும் நெம்பி, ஸ்ட்ரட்டை ஆணியிலிருந்து நேராகப் பக்கவாட்டில் இழுத்தால் கழன்றுவிடும். பெயின்ட்டின் மேல் ஊன்றி நெம்ப வேண்டாம். சில பழைய ஹேட்ச்பேக் கார்களில் பின்கண்ணாடியைச் சூடாக்கும் மின்சாரம் ஸ்ட்ரட்டின் வழியாகவே செல்லும். முனையில் ஒயர் தென்பட்டால் பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த வசதியுள்ள ஸ்ட்ரட்டையே வாங்குங்கள்.

ஆணியின் தலையைத் துடைத்து, தேய்ந்திருந்தால் அதையும் மாற்றி, சிறிதளவு கிரீஸ் தடவுங்கள். கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கியும் உருளை மேலேயும் இருக்குமாறு புதியதைப் பொருத்த வேண்டும். உள்ளே இருக்கும் சிறிதளவு எண்ணெய் சீலை நனைத்துக் காப்பது இந்த நிலையில்தான். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து விரைவில் கசியும். ஒரு முனையைக் கிளிக் என்ற ஒலி கேட்கும்வரை கையால் அழுத்திப் பொருத்திய பின் மறுமுனைக்கு வாருங்கள். ஸ்ட்ரட் நீளமாக இருந்து ஆணியில் பொருந்தவில்லையென்றால் கதவை இன்னும் சற்று உயர்த்த வேண்டுமே தவிர, ஸ்ட்ரட்டைக் கையால் அமுக்க முயலக் கூடாது. பளபளப்பான தண்டைக் குறடால் பிடிக்காதீர்கள், அதன்மேல் பெயின்ட்டும் படக்கூடாது. மெல்லிய கீறல்கூட சீலைக் கிழித்துவிடும்.

இரு முனைகளையும் இழுத்துப் பார்த்து உறுதி செய்த பின்னரே முட்டுக் கொடுத்த மரக்கட்டையை எடுத்து, கதவை முதல்முறை மெதுவாக இறக்குங்கள். ஸ்ட்ரட் எங்காவது தகட்டில் உரசினாலோ, கதவு ஒரு பக்கம் கோணலாக இறங்கினாலோ உடனே நிறுத்திச் சரிபாருங்கள். கழற்றிய பழைய ஸ்ட்ரட்டில் இன்னும் அழுத்தம் இருக்கும். அதைத் துளையிடவோ தீயில் போடவோ கூடாது, ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைத்துவிடுங்கள்.